வாசற்செடிகள் – 11: நந்தியாவட்டையும் அரளியும்

வீட்டுக்கு முன்னால் நாலடி இடம் இருக்கிறது. சாமிக்குப் பூ வேண்டும். வெயிலுக்கு வாடக் கூடாது. ஏதாவது மருந்துக்கும் ஆக வேண்டும். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், உறையூர் என்று எந்தப் பக்கத்து நர்சரியில் போய் இப்படிக் கேட்டாலும் பெரும்பாலும் இரண்டு கன்றுகளில் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நந்தியாவட்டை, இல்லாவிட்டால் அரளி. “ரெண்டுமே மருந்துச் செடிதாம்மா, எது வேணும்னாலும் எடுத்துக்குங்க” என்று ஒரே மூச்சில் சொல்லியும் விடுகிறார்கள். அப்படிச் சொல்லலாமா என்பதுதான் இந்த வாரம் நாம் பார்க்க வேண்டியது.

இரண்டும் நெருங்கிய சொந்தம் என்பதில் சந்தேகமில்லை. தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 1753-இல் இரண்டையும் நீரியம் என்ற ஒரே பேரினத்தில்தான் சேர்த்தார். அரளிக்கு நீரியம் ஒலியாண்டர் என்று பெயர் வைத்தார். நந்தியாவட்டைக்கு நீரியம் டைவாரிகேட்டம். 1819-இல்தான் நந்தியாவட்டை அங்கிருந்து பிரிந்து டாபர்னேமோன்டானா என்ற பேரினத்துக்குப் போனது. அரளி பழைய பேரினத்திலேயே தங்கிவிட்டது. ஆனாலும் குடும்பம் இன்றைக்கும் ஒன்றுதான்.

பூ இல்லாத கன்றாக இருக்கும்போது எது எது என்று கண்டுபிடிப்பது எளிது. அரளியின் இலை நீண்டு ஒடுங்கி, தோல் மாதிரித் தடித்திருக்கும்; கணுவுக்கு மூன்று மூன்றாக நிற்கும். நந்தியாவட்டையின் இலை எதிரெதிராக இரண்டிரண்டு. அகலம் கூடுதல், பளபளப்பு, ஓரத்தில் லேசான நெளிவு. கிளைகள் கவை கவையாகப் பிரிந்துகொண்டே போகும். இலையைக் கிள்ளினால் நந்தியாவட்டையில் கெட்டியான வெள்ளைப் பால் சொட்டும். அரளியில் வருவது நீர்த்த, பிசுபிசுப்பான சாறு. சந்தேகம் தீராதவர்களுக்குத் திருச்சியிலேயே ஒரு பெரிய இடம் இருக்கிறது. தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகம். 1967-இல் அருட்தந்தை கே.எம். மேத்யூ தொடங்கியது. தமிழகச் சமவெளியின் செடிகொடிகளை ஊர் ஊராகச் சேகரித்து அவர் எழுதிய தொகுதிகள் 1980-களில் வெளிவந்தன. நம் தெருவோரச் செடிக்கெல்லாம் அவற்றில் முறையான அடையாளம் உண்டு. இந்த ஊர்க்காரர்களே இதைப் போதுமான அளவு அறியவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

நந்தியாவட்டையிலிருந்து தொடங்குவோம். குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் ‘நந்தி’ என்று வருவது இதுதான் என்பார்கள். ஒற்றை, அடுக்கு என இரண்டு வகை. ஒற்றையின் ஐந்து இதழ்களும் காற்றாடி போல ஒரே பக்கம் முறுக்கியிருக்கும். அடுக்கு வகையில் இதழ்கள் சுருங்கி நெருங்கியிருக்கும். இரவில் அதன் மணம் கூடும். ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கும் வெள்ளைப் பூ வேறு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்? ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் அமைத்து அரங்கனுக்கு மாலை கட்டியே வாழ்ந்தவர் தொண்டரடிப்பொடி ஆழ்வார். அந்த ஊரில் வாசலில் ஒரு வெள்ளைப் பூச்செடி வைப்பதைத் தோட்டக்கலை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது ஒரு கைங்கரியத்தின் தொடர்ச்சி.

கண்ணுக்குக் குளிர்ச்சி என்று இந்தப் பூவைப் பாட்டிமார்கள் நம்பினார்கள். சித்த மருத்துவத்திலும் கண் நோய்க்கு இதற்கு இடமுண்டு. வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: கண்ணை மூடிக்கொண்டு, நன்றாகக் கழுவிய பூவை இமைமேல் கொஞ்ச நேரம் வைத்திருப்பது. அலுத்த கண்ணுக்கு அது இதமாக இருக்கும். பூவைக் கசக்கிச் சாற்றைக் கண்ணில் விடுவது கூடவே கூடாது. காம்பில் இருக்கும் பால் கண்ணை எரித்துவிடும். கண் சிவந்தாலும், பார்வை மங்கினாலும் நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும். தாய்லாந்து ஆய்வாளர்கள் இதன் சாறு எலிகளின் மூளையில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதாகக் கண்டிருக்கிறார்கள். மறதி நோய் மருந்துகள் சில வேலை செய்யும் வழியும் அதுதான். அதற்காக வேரைக் கஷாயம் வைத்துக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். எலிக்குக் கொடுத்த அளவு வேறு, நம் டம்ளர் அளவு வேறு. இதிலும் வீரியமான ஆல்கலாய்டுகள் உண்டு.

இனி அரளி. உழைப்பில் இதற்கு ஈடு கிடையாது. மழையற்ற கோடையில், திருச்சியின் நாற்பது டிகிரி வெயிலில், லாரிப் புகைக்கு நடுவே நெடுஞ்சாலைத் தடுப்பில் நின்று ரோஜா நிறத்தில் பூத்துத் தள்ளுவது இதுதான். ஆடு மாடு வாய் வைக்காது என்பதால்தான் சாலை போடுகிறவர்கள் இதைத் தேடி வைக்கிறார்கள். 1945-இல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில் முதலில் பூத்த செடி என்று இதைப் போற்றி, அந்த நகரம் தன் அதிகாரபூர்வ மலராகவே வைத்திருக்கிறது. சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் விவசாயிகளுக்கு இது பணப்பயிர். மாசி கடைசி ஞாயிறு தொடங்கும் சமயபுரம் அம்மன் பூச்சொரிதலுக்குக் கூடை கூடையாகப் போகும் பூக்களில் செவ்வரளிக்குத் தனி மரியாதை.

ஆனால் அம்மன் தோளில் ஏறலாமே தவிர, யார் வாயிலும் இது போகக் கூடாது. வேர், பட்டை, இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. ஒலியாண்ட்ரின் என்கிற பொருள் இதயத் தசைச் செல்லில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றிக் கொடுக்கும் விசையை அடைத்துவிடுகிறது. நாடி தாறுமாறாகும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றே போகலாம். காய வைத்தாலும் வேக வைத்தாலும் நஞ்சு போகாது. 2024 மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தது. அரளியைக் கடித்ததால் ஓர் இளம்பெண் இறந்ததாகச் செய்தி வந்த நேரம் அது. நல்ல முடிவு. பூவோடு சேர்த்துத் தேங்காய், பழம், சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தரும் பழக்கம் உள்ள நம் கோயில்களும் இதைக் கவனிக்கலாம்.

அப்படியானால் இது மருந்தே இல்லையா? சித்தர்கள் அரளி வேர்ப்பட்டையைத் தோல் நோய்க்கு மேற்பூச்சாக எடுத்தாண்டிருக்கிறார்கள், சுத்தி முறை தெரிந்த வைத்தியரின் கையால். நம் அடுப்படியில் செய்கிற வேலை அல்ல அது. 2020-இல் கொரோனாவுக்கு ஒலியாண்ட்ரினை ஊட்டப்பொருளாக விற்க அமெரிக்காவில் சிலர் முயன்றபோது அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மறுத்துவிட்டது. மருந்து என்ற சொல்லை நந்தியாவட்டைக்கும் அரளிக்கும் ஒரே குரலில் சொல்வது ஆபத்து என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். நர்சரிக்காரர்கள் அரளித் தொட்டியில் ‘தின்னக் கூடாது’ என்று ஒரு சீட்டு ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

இந்த நஞ்சையும் பாலையும் பொருட்படுத்தாத ஓர் உயிர் உண்டு. அரளி அந்துப்பூச்சியின் புழு. இரண்டு செடியிலும் மேயும். விரல் நீளத்துக்குப் பச்சையாக வளர்ந்து, வாலில் சின்னக் கொம்போடு இருக்கும். தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது கழுத்துப் பக்கம் நீலமும் வெள்ளையுமாக இரண்டு பெரிய பொய்க்கண்கள் விரியும். குருவி பயந்து விலகிப் போகும். அரளி இலைக்கு அடியில் வெள்ளி பூசியது போன்று ஒரு கூட்டுப்புழு தொங்கினால் அது வேறொன்று. சிறகோரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த கரும்பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் கூடு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மேலூரில் 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போகிறவர்கள் இப்படி ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு செடி தேவைப்படுவதைப் பார்க்கலாம். நாலு இலை போனால் போகட்டும், மருந்து அடிக்காதீர்கள்.

எதை எங்கே வைப்பது? ஸ்ரீரங்கம் தீவின் மண் வண்டல், ஈரம் நிற்கும். அங்கே அரை நிழலில் நந்தியாவட்டை தாராளமாக வரும். மழைக்காலத்தில் பென்சில் பருமன் கிளையை ஒடித்து, பால் வடிந்து நின்றபின் நட்டால் போதும். நவலூர் குட்டப்பட்டு, மணிகண்டம் பக்கம் களர் மண். அங்குள்ள வேளாண்மைக் கல்லூரி களரைத் தாங்கும் நெல் ரகங்களையே உருவாக்க வேண்டியிருந்தது என்றால் நிலத்தின் நிலைமை புரியும். அந்த மாதிரி இடத்தில், முழு வெயிலில், அரளிதான் தாக்குப்பிடிக்கும். அதையும் வேலியோரம் வையுங்கள். குழந்தை தவழும் வீட்டிலும், மாடு கட்டிய கொல்லையிலும் வேண்டவே வேண்டாம். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், அந்தக் கிளையில் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அரளி வளர்க்கிறவர்களுக்கு இன்னொன்று. புது நுனியில்தான் பூக்கும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்தே ஆகவேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டியதை எரிக்காதீர்கள், புகையும் கெடுதல். எல்லாவற்றுக்கும் மேல், அதைத் தெருவில் போடாதீர்கள். பச்சையில் கசப்பால் விலகும் மாடு, வாடிய இலையைத் தெரியாமல் தின்றுவிடும். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் பசியோடு சுற்றும் மாடுகளுக்கு ஒரு கைப்பிடி இலையே எமன். சாமிக்குப் போட்டுக் கழித்த அரளி மாலைக்கும் இதே விதிதான். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

(அடுத்த வாரம்: நொச்சியும் ஆடாதோடையும்)