மாதக் கடைசியில் ஒரு சின்னக் காலுறை

திருவனந்தபுரம்: டிசம்பர் பிறந்துவிட்டால் சாலைக் கடைத்தெருவில் வெங்காய மூட்டைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் மேலே நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். காகித நட்சத்திரம், பிளாஸ்டிக் நட்சத்திரம், உள்ளே பல்பு எரியும் நட்சத்திரம். அவற்றுக்கு நடுவே இன்னொரு சரக்கும் தொங்கும். சிவப்புத் துணியில் தைத்து, வாயில் வெள்ளைப் பஞ்சு வைத்த பெரிய காலுறை. கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் கண் அதில்தான் போய் நிற்கும். பள்ளிக்கூடத்தில் அதைப்பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கேள்வி புறப்படும்: "அப்பா, கிறிஸ்துமஸ் அப்பூப்பன் நம்ம வீட்டுக்கும் வருவாரா? சாக்ஸில் சாமான் வைப்பாரா?"

நாகர்கோவிலில் அவர் கிறிஸ்துமஸ் தாத்தா. களியக்காவிளையைத் தாண்டினால் அவரே அப்பூப்பன். பெயர் எதுவானாலும் செலவு அப்பாவுடையது. அந்த அப்பா தம்பானூர் ஓட்டலில் சரக்கு மாஸ்டராக இருக்கலாம், சாலையில் மூட்டை தூக்குகிறவராக இருக்கலாம், ஆபீஸில் கோப்புக் கட்டுகிற குமாஸ்தாவாக இருக்கலாம். பிள்ளையிடம் "வருவார்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

25-ந் தேதி என்னும் சங்கடம்

ஓணத்துக்குக் கேரளத்தில் போனஸ் உண்டு. ரயில்வே ஊழியர்களுக்கு 1979-80 முதல் உற்பத்தித் திறனோடு இணைந்த போனஸ் இருக்கிறது. அது தசரா சமயத்தில் கைக்கு வரும், தீபாவளியோடு கையை விட்டுப் போகும். கிறிஸ்துமஸுக்கு அப்படி ஒரு வழி இல்லை. அதோடு, தீபாவளியைப் போலத் தேதி மாறி வரும் பண்டிகையும் அல்ல. எந்த வருஷமும் 25-ந் தேதிதான். மத்திய அரசு ஊழியர்களுக்கு மாதத்தின் கடைசி வேலை நாளில் சம்பளம். கடைகளிலும் ஓட்டல்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு அதையும் தாண்டி ஐந்தோ ஏழோ தேதியாகும். ஆக, வருஷத்தின் பெரிய பண்டிகை நம்மவர்களில் பலருக்குக் கை மிகவும் காய்ந்திருக்கும் வாரத்தில் வந்து சேருகிறது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு முன்பு வட்டியில்லாத பண்டிகை முன்பணம் கிடைத்தது. ஏழாவது சம்பளக் கமிஷனோடு அது நின்றுபோயிற்று. 2020-ல் மட்டும் ஒரு தடவை பத்தாயிரம் ரூபாய் கொடுத்து, பத்துத் தவணைகளில் பிடித்துக்கொண்டார்கள். மற்றபடி இருக்கவே இருக்கிறார்கள், இந்த ஊரில் "பிளேடு" என்று பெயர் வாங்கிய வட்டிக்காரர்கள். புதுத் துணிக்கும் இறைச்சிக்கும் வேண்டுமானால் அவர்களிடம் போகும்படி நேரலாம். ஒரு காலுறைக்காகப் போக வேண்டியதில்லை. அதற்கு 250 ரூபாய் போதும். ஆனால் அந்த 250 ரூபாயை டிசம்பர் முதல் வாரத்தில், சம்பளம் கையில் இருக்கும்போதே, ஒரு உறையில் போட்டுத் தனியே வைத்துவிட வேண்டும். 23-ந் தேதி தேடினால் அது கிடைக்காது. அதற்குள் கியாஸ் சிலிண்டர் வந்திருக்கும்.

எந்தக் காலுறை?

கடையில் தொங்கும் சிவப்புக் காலுறையை வாங்குவது முதல் தவறு. காலுறைக்கே பட்ஜெட்டில் ஒரு பங்கு போய்விடும். அதைவிட மோசம், அதன் வயிறு பெரிது. முழங்கால் நீளத்துக்கு இருக்கும் அதை நிரப்ப ஐந்நூறு ரூபாய்ச் சாமானும் காணாது. பாதி நிரம்பிய பெரிய காலுறையைப் பார்த்தால் பிள்ளைக்கு வெறும் பாதிதான் கண்ணில் படும்.

பிள்ளையின் சொந்தப் பள்ளிக்கூடச் சாக்ஸ் போதும். வெள்ளையோ சாம்பலோ, ஒரு சாண் நீளம். கிறிஸ்துமஸ் பரீட்சை முடிந்து பத்து நாள் லீவு விடும்போது அதற்கும் வேலை இல்லை. துவைத்துக் காயவைத்து, வாயில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டினால் தீர்ந்தது. ஆறேழு சாமானில் அது வாய்வரை நிறைந்து புடைத்து நிற்கும்.

இந்த வழக்கத்தின் மூலக்கதையும் வசதியான வீட்டுக் கதை அல்ல. நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரில் நிக்கொலாஸ் என்ற ஆயர் இருந்தார். அந்த ஊரில் நொடித்துப்போன ஒருவருக்கு மூன்று பெண்கள், சீதனம் கொடுக்க வழியில்லை. ஆயர் இரவில் யாரும் அறியாமல் பொன் முடிப்புகளை அந்த வீட்டுக்குள் எறிந்துவிட்டுப் போனாராம். காயப்போட்டிருந்த காலுறைக்குள் அது விழுந்தது என்று பிற்காலத்தார் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆயரை டச்சுக்காரர்கள் "சிண்டர்கிளாஸ்" என்றார்கள். அமெரிக்காவில் அவரே சாண்டா கிளாஸ் ஆனார். 1823-ல் அங்கே டிராய் நகரப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த கவிதையில், அடுப்பங்கரையில் காலுறை தொங்கவிடும் காட்சி வந்துவிட்டது. சீதனக் கவலையில் தொடங்கிய சமாசாரம் என்று சொன்னால் நம் ஊர்த் தாய்மார்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

தமிழ்நாட்டில் இதை முதலில் அறிந்த இடங்களில் ரயில்வேக் குடியிருப்புகளும் உண்டு. போத்தனூர், ஜோலார்பேட்டை, பொன்மலை ஆகிய இடங்களில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பிள்ளைகளின் கட்டில் காலில் காலுறை கட்டுவது வழக்கம். நம் கிறிஸ்தவ வீடுகளில் அந்தப் பழக்கம் அதிகம் இருந்ததில்லை. புது உடுப்பு, விடியற்காலை ஆராதனை, முந்திரிக்கொத்து, இவைதான் பண்டிகை. காலுறை பின்னால் வந்தது. வந்தது வந்துவிட்டது, ஐந்து வயதுப் பிள்ளையிடம் சரித்திரம் பேசி மறுக்க முடியுமா?

விரல் நுனியிலிருந்து

காலுறையின் விரல் பகுதியில் ஒரு ஆரஞ்சு. ஆயர் எறிந்த பொன்னுக்கு அடையாளமாக மேலை நாடுகளில் இதை வைப்பார்கள். நமக்கு வேறு காரணமும் இருக்கிறது: டிசம்பரில் நாகபுரி ஆரஞ்சு தள்ளுவண்டிக்கு வந்துவிடுகிறது, விலையும் இறங்கியிருக்கும். உருண்டையான பழம் உள்ளே போனதும் காலுறைக்கு ஒரு வடிவம் வந்துவிடும். இருபது ரூபாய்க்கு மேல் இதற்குப் போக வேண்டாம்.

அடுத்தது விளையாட்டுச் சாமான். ஒன்றே ஒன்று. எண்பது ரூபாய் வரை ஒதுக்கலாம். சாலையில் குவிந்து கிடக்கும் மின்னும், கத்தும், ஓடும் சாமான்கள் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பெரும்பாலும் புத்தாண்டு வரை அவை பிழைப்பதில்லை. ஊருக்குப் போய்வருகிறவர்கள் யாராவது இருந்தால் அம்பாசமுத்திரத்து மரச் செப்பு கொண்டுவரச் சொல்லலாம். அரக்குச் சாயம் பூசிய சின்னப் பானை, உரல், அம்மி. மணப்பாட்டுப் பெண்கள் முடையும் பனையோலைச் சாமான்களும் கனமில்லாதவை. நாகர்கோவில் ரயில் பாதை 1979-ல் திறந்த பிறகு இங்கிருந்து ஊர் போய்வருவது ஒரு நாள் வேலைதான். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு ரப்பர் பந்து. பந்தை வேண்டாம் என்ற குழந்தையை எவரும் கண்டதில்லை.

பிறகு ஒரு சின்னப் பெட்டி மெழுகு வர்ணம், நாற்பது ரூபாய்க்குள். அதனுடன் வெள்ளைத் தாள் நான்கைந்து. ஒரு பக்கம் அச்சடித்த ஆபீஸ் தாளாக இருந்தாலும் பாதகமில்லை. பெண் குழந்தைக்கு ரிப்பனும் வளையலும், பையனுக்குக் கைக்குட்டை, இதற்கு முப்பது. தின்பதற்கு முப்பது. எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டிய பல் துலக்கும் பிரஷ்ஷையும் இதற்குள் செருகிவிடுகிற சாமர்த்தியசாலிகள் உண்டு. அது மாதச் சாமான் கணக்கில் போகும், பிள்ளைக்கோ அதுவும் அப்பூப்பன் தந்தது.

மீதி ஐம்பது ரூபாய் ஒரு புத்தகத்துக்கு. இதைத்தான் நம் வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். இங்கே பிறந்து வளரும் பிள்ளை மலையாளம் படிக்கிறது, இங்கிலீஷ் படிக்கிறது. வீட்டில் பேசுவது தமிழ். எழுத்து என்று வரும்போது "அ" எது, "ஆ" எது என்று தெரியாமல் நிற்கிறது. நேஷனல் புக் டிரஸ்ட் 1957-ல் தொடங்கிய நிறுவனம். நேரு பால புத்தகாலயம் என்ற வரிசையில் அது தமிழிலும் படப் புத்தகங்களை மலிவாக வெளியிட்டு வருகிறது. மெல்லிய புத்தகம், சுருட்டினால் காலுறைக்குள் போய்விடும். தமிழ்ப் புத்தகம் இங்கே அகப்படாவிட்டால், ஊரிலிருந்து வருகிறவரிடம் சொல்லிவைப்பதற்கும் முதல் வாரமே சரியான சமயம்.

புத்தகத்துக்கும் வழியில்லாதவர்களுக்குக் காசு செலவில்லாத ஒன்று இருக்கிறது. ஊரிலுள்ள ஆச்சியையோ தாத்தாவையோ கொண்டு பிள்ளைக்கு நாலு வரி தமிழில் கடுதாசி எழுதச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில், பிள்ளையின் பெயரைப் போட்டு. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலம்தான் இது. ஆனால் போனில் பேசியதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள முடியாது. தன் பெயரைத் தமிழ் எழுத்தில் முதல் தடவையாகப் பார்ப்பது பல பிள்ளைகளுக்கு இந்தக் கடுதாசியிலாகவே இருக்கும்.

வைக்கக் கூடாதவை

இதில் சிக்கனம் பேசி இடமில்லை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். பொம்மைகளைச் சோதிக்க ஆலைகளில் ஒரு சிறு உருளை வைத்திருப்பார்கள். அதன் உள் விட்டம் சுமார் 32 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுப் பிள்ளைக்கு ஆகாது. நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதை வைத்து அளவை மனதில் பிடித்துக்கொள்ளலாம். கோலிக்குண்டு, மணி, பொம்மையிலிருந்து கழன்று வரும் சக்கரம் எல்லாம் இந்தக் கணக்கில் அடிபட்டுப்போகும்.

நிலக்கடலையும் அப்படியே. வீட்டில் வறுத்தது, மலிவானது, நல்ல தின்பண்டம் என்று ஒரு கை அள்ளிப் போட்டுவிடுவார்கள். முழுக் கடலை மூச்சுக்குழாயில் போய் அடைப்பது சிறு பிள்ளைகளுக்கு அடிக்கடி நேரும் விபத்து. நாலைந்து வயது ஆகும்வரை கடலையும் வேண்டாம், கடலை மிட்டாயும் வேண்டாம். ஊதாத பலூனும், வெடித்த பலூனின் துண்டும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் பொல்லாதது பொத்தான் மாதிரி இருக்கும் பாட்டரி. மின்னும் மோதிரம், பாடும் வாழ்த்து அட்டை, மலிவுக் கைக்கடிகாரம் ஆகியவற்றுக்குள் இருப்பது இதுதான். விழுங்கிய பாட்டரி உணவுக்குழாயில் நின்றுவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே அரித்துப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "தானாக வெளியே வந்துவிடும்" என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. முத்திரை இல்லாத பிளாஸ்டிக் சாமானைக் கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் கீழே வைத்துவிட்டு வரலாம்.

24-ந் தேதி இரவு

சாமான்களை மூன்று வாரம் ஒளித்துவைப்பது ஒற்றை அறை வீட்டில் லேசான காரியம் அல்ல. ஆபீஸ் மேஜை அறை, ஓட்டல் அலமாரி, பக்கத்து வீட்டு அக்காவின் டிரங்குப் பெட்டி என்று ஆளுக்கொரு வழி. பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. பார்க்கப் போனால் இந்த விஷயத்தில் பிற மதத்துக்காரர்களே ரகசியத்தை நன்றாகக் காப்பாற்றுகிறார்கள்.

நம் வீடுகளில் புகைக்கூண்டு இல்லை. ஜன்னல் கம்பியோ கட்டில் காலோ போதும். ஆனால் ஒன்று, இந்த ஊர் எறும்புக்குக் காலண்டர் தெரியும். இனிப்பை எட்டு மணிக்கே போட்டுத் தொங்கவிட்டால் விடியும்போது காலுறை முழுக்க எறும்பாக இருக்கும். பழைய லைன் வீடுகளில் எலியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே பந்தும் புத்தகமும் முதலில். ஆரஞ்சையும் மிட்டாயையும் பாதிராப் பூசையிலிருந்து திரும்பி வந்த பிறகு போடலாம்; அல்லது விடியற்காலை ஆராதனைக்கு எழும்போது. ஆரஞ்சு கடைசியில் போனால் விரல் நுனிக்குப் பதில் வாயில் இருக்கும், அதனால் ஒன்றும் மோசமில்லை.

அன்று இரவு எல்லா அப்பாக்களும் வீட்டில் இருப்பதில்லை. ரயில் ஓடும், ஆஸ்பத்திரி திறந்திருக்கும், ஓட்டலில் அன்றுதான் கூட்டம். இரவு ஷிப்ட் போகிறவர்கள் வேண்டியதைக் கட்டி மனைவியிடம் கொடுத்துவிட்டு, பிள்ளை எழுந்ததும் போன் செய்யச் சொல்லிப் போகலாம். ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்காகப் பிள்ளையைத் தூங்கவிட்டுக் காத்திருக்கும் வீடுகளும் உண்டு.

மறுநாள் அந்தக் காலுறையைத் துவைத்துக் காயப்போட மறக்க வேண்டாம். ஆரஞ்சுச் சாறும் வர்ணமும் பட்டிருக்கும். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் காலையில் ஜோடியில் ஒன்றுதான் இருக்கிறது என்று தேடும்படி ஆகிவிடும்.