விரல் எடுக்கும் நேரம்

பைப் ஆர்கனில் ஒரு கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு மாறாது. துருத்தியிலிருந்து வரும் காற்று குழாய்க்குள் பாய்கிறது. விரலை எடுக்கும்வரை சுரம் தேயாமல் அப்படியே நிற்கிறது. பியானோவைப் போல விரலின் வேகத்தைக் கூட்டி ஒரு சுரத்தை எடுப்பாகக் காட்ட வழியில்லை. கலைஞரின் கையில் முக்கியமாக இருப்பவை இரண்டு. எந்தக் குழாய் வரிசைகளைத் திறப்பது என்பது ஒன்று. கட்டையை எப்போது விடுவது என்பது மற்றொன்று. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆர்கன் கலைஞர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவரும் யோசனைகள் பெரும்பாலும் இவ்விரண்டையே சுற்றி வருகின்றன.

இத்தாலியரான ஜிரோலாமோ திருதா 1593இல் வெனிஸில் வெளியிட்ட நூலின் முதல் பகுதி, குருவும் மாணவரும் பேசிக்கொள்ளும் உரையாடலாக அமைந்தது. நடன இசை வாசித்துப் பழகியவர்கள் கட்டையை அடிக்கிறார்கள், ஆர்கனிலோ கட்டையை அழுத்த வேண்டும் என்று அதில் வேறுபடுத்திக் காட்டுகிறார். மற்றக் கட்டை வாத்தியங்களிலிருந்து ஆர்கனின் கைப்பழக்கத்தைப் பிரித்துச் சொன்ன ஆரம்பகால நூல்களில் முக்கியமானது இது.

குழாய் வரிசைகளைத் திறக்கவும் மூடவும் உதவும் இழுகுமிழ்களுக்கு ஸ்டாப் என்று பெயர். எட்டு அடி ஸ்டாப் எழுதிய சுரத்தையே ஒலிக்கும். நான்கு அடி ஒரு ஸ்தாயி மேலேயும் பதினாறு அடி ஒரு ஸ்தாயி கீழேயும் ஒலிக்கும். எதை எதோடு சேர்ப்பது என்பதில்தான் சிக்கல். ஒவ்வொரு ஆர்கனும் அந்தந்தத் தேவாலயத்தை அளந்து கட்டப்படுவது. ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதில்லை. பாரிஸில் அருமையாக ஒலித்த சேர்க்கை வேறோர் ஊரில் கரகரக்கலாம்.

17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கலைஞர்கள் இதற்கு ஒரு நல்ல தீர்வு கண்டார்கள். பாடலின் தலைப்பிலேயே ஸ்டாப் சேர்க்கையைச் சொன்னார்கள். நூலின் முன்னுரையில் அதை விளக்கினார்கள். 1676இல் நிக்கோலா லெபேக் தம் நூலின் முன்னுரையில் நோக்கத்தை வெளிப்படையாகவே எழுதினார்: பாரிஸுக்கு வந்து கேட்க முடியாத தொலைதூர மாகாணக் கலைஞர்களுக்குத் தலைநகரில் இப்போது வாசிக்கும் முறையைத் தெரிவிப்பதுதான் அது. 1688இல் ஆந்திரே ரெசோன் தம் நூலில் இன்னும் ஒரு படி போனார். ஒவ்வொரு பாடலும் எந்த நடனத்தின் சாயலில் இருக்கிறது என்று பார், அந்த நடையிலேயே வாசி, ஆனால் இடம் புனிதமானது என்பதால் காலத்தைச் சற்று நிதானப்படுத்து என்கிறார். இவ்வளவு சுருக்கமாக நடையையும் வேகத்தையும் இடத்தையும் சேர்த்துச் சொல்லும் அறிவுரை அரிது. ரெசோனின் அந்த நூலில் உள்ள ஒரு சிறு பாடலின் கருதான் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் சி மைனர் பஸகாலியாவின் அடிநாதத்தில் முதல் பாதியாக வருகிறது.

அடுத்த நூற்றாண்டில் டோம் பெதோஸ் என்னும் துறவி ஆர்கன் கட்டும் கலை பற்றிய பெருநூலை 1766 முதல் வெளியிட்டார். ஸ்டாப் சேர்க்கைகளைப் பற்றிய பகுதியைப் பாரிஸின் முன்னணிக் கலைஞர்களிடம் காட்டி, திருத்தம் பெற்ற பிறகே அச்சுக்குக் கொடுத்தார். ஒருவர் ரசனை பலர் அனுபவத்தோடு உரசிப் பார்க்கப்பட்டதால், அந்தப் பட்டியலை இன்றும் நம்பிக் கையாள முடிகிறது.

கட்டையை விடும் நேரத்தில்தான் கருத்து வேறுபாடு கடுமையானது. பாரிஸின் சான் சுல்பீஸ் தேவாலயத்தின் கலைஞர் கியோம்-கப்ரியேல் நிவேர் 1665இல் எழுதிய முன்னுரை, சுரங்களைக் குழப்பாமல் ஒவ்வொன்றையும் தெளிவாகப் பிரித்துக் காட்டச் சொன்னது. அதே தேவாலயத்தில் 1934இல் பொறுப்பேற்ற மார்செல் துப்ரே, 1927இல் வெளியிட்ட தம் பயிற்சி நூலில் இடைவெளியே தெரியாத லெகாட்டோவை அடிப்படையாக வைத்தார். அதற்குள் ஒரே சுரம் திரும்ப வந்தால் என்ன செய்வது என்பதற்கும் கணக்கு வைத்திருந்தார்: முதல் சுரத்தின் மதிப்பில் பாதியை ஒலி, பாதியை மௌனம் ஆக்க வேண்டும். கால் சுரம் என்றால் அரைக்கால் ஒலி, அரைக்கால் மௌனம்.

துப்ரேயின் வழி, அவர் ஆசான் விடோர் மூலமாக பெல்ஜியக் கலைஞர் லெமன்ஸிடம் போய்ச் சேர்கிறது. லெமன்ஸ் ஜெர்மனியின் ஹெஸ்ஸேயிடம் கற்றவர். ஹெஸ்ஸே, ரிங்க், கிட்டல் என்று மேலே போனால் பாக் வந்துவிடுவார். குரு பரம்பரையைக் காட்டி, பாக் வாசித்ததும் இப்படித்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் பாக் 1720இல் தம் ஒன்பது வயது மகனுக்கு எழுதிக்கொடுத்த சிறு பாடத்தில் வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் மாறி மாறி மேலே ஏறுகின்றன. நடுவிரல் மோதிர விரலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் மெல்லிய இடைவெளி தானாகவே விழும். 1789இல் டூர்க் எழுதிய கட்டைவாத்தியப் பாட நூலும், குறிப்பு எதுவும் இல்லாத சுரத்தில் விரலை அதன் காலத்துக்குச் சற்று முன்பே எடுக்கச் சொல்கிறது. பரம்பரைச் செய்தியைவிடக் கைப்பட எழுதிய விரல் எண்கள் வலுவான சாட்சி.

அதனால் துப்ரே சொன்னது தவறாகிவிடாது. 1862இல் கவாயே-கொல் சான் சுல்பீஸில் கட்டி முடித்த ஆர்கன் ஐந்து விசைப்பலகைகளும் நூறு ஸ்டாப்களும் கொண்டது. அதற்காக விடோர் எழுதிய சிம்பனிகளின் நீண்ட வரிகளுக்கு லெகாட்டோ கச்சிதமாகப் பொருந்தும். நிவேருக்கும் பாக்குக்கும் அதையே பூசினால் தாளம் மழுங்கிப்போகும். கால் கட்டைகளிலும் இதே வேறுபாடு உண்டு: பாக்குக்குப் பெருவிரல் நுனியால் மட்டும் மிதிப்பதும், பிற்கால இசைக்குக் குதிகாலையும் பயன்படுத்துவதும் இன்று பரவலான பழக்கம்.

எந்த விதியையும் மாற்றிவிடுவது கட்டடம். பெரிய கல் தேவாலயங்களில் ஒலி ஐந்தாறு விநாடி அடங்காமல் சுழலும். அங்கே சுரங்களைச் சற்றுக் கூடுதலாகவே பிரித்தால்தான் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சரியாகக் கேட்கும். கட்டை முன் இருப்பவருக்கோ அது வறட்சியாகத் தோன்றும். 34 மீட்டர் தொலைவைக் கடக்க ஒலிக்குப் பத்தில் ஒரு விநாடி ஆகும் என்பதால், தொலைவில் நிற்கும் பாடகர் குழுவைக் காதால் பின்தொடர்கிறவர் பின்தங்கிவிடுவார். சுரங்களை எவ்வளவு பிரிப்பது என்று அறிய, வேறொருவரை வாசிக்கச் சொல்லி நடுக்கூடத்தில் நின்று கேட்பதே அனுபவசாலிகள் சொல்லும் வழி.

வெளியூரிலிருந்து வரும் கலைஞர் முதலில் நாட வேண்டியது அந்த ஆர்கனில் வாரந்தோறும் வாசிப்பவரை. எந்த ஸ்டாப் தாமதமாகப் பேசும், எந்தக் கால் கட்டை இறுகியிருக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கோடையில் கூடம் சூடேறும்போது சாதாரணக் குழாய்களின் சுருதி ஏறிவிடும். உலோக நாக்கு அதிரும் ரீடு குழாய்கள் ஏறக்குறைய அதே சுருதியில் நிற்கும். அப்போது இரண்டையும் சேர்த்துத் திறந்தால் பேதம் நாராசமாகக் கேட்கும். அத்தகைய மாலைகளில் எந்த ரீடுகளைத் தொடாமல் விட வேண்டும் என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள்.