வெறுங்கூடையில் ஏன் உட்காருகிறது கோழி?

"முட்டையை எல்லாம் எடுத்துவிட்டேன். ஆனாலும் வெறுங்கூடையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. ஏதாவது நோயா?" என்று கேட்டிருக்கிறார் தாராபுரம் பக்கத்து வாசகி ஒருவர். இன்குபேட்டர் வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறாராம்.

நோய் இல்லை. கோழி அடைக்கு வந்திருக்கிறது. முட்டை போன பிறகும் அது ஏன் எழவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அடைக்கோழியின் வயிற்றுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக இருக்கும். அங்கே ரத்தக் குழாய்கள் பெருகியிருப்பதால் தொட்டால் சுடும். முட்டைக்குச் சூடு கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைக்கிறோம். அது பாதிதான். முட்டை அங்கே இருக்கிறதா என்று தொட்டு அறிவதும் அதே தோல்தான். முட்டை பட்டதும் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகிறது. அங்குள்ள ஹைபோதலாமஸ் என்ற பகுதி வி.ஐ.பி. என்ற பெப்டைடைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியை முடுக்க, புரோலாக்டின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறுகிறது. புரோலாக்டின் ஏறினால் சூலகம் சுருங்கி முட்டையிடுவது நிற்கும். கோழி கூட்டை விட்டு நகராது. நகராததால் தோலில் முட்டை பட்டுக்கொண்டே இருக்கும்; புரோலாக்டினும் இறங்காது.

கோயில் கொடையில் சாமி வந்து ஆடுபவரைப் பார்த்திருப்பீர்கள். உடுக்கை அடிக்க அடிக்க ஆட்டம் ஏறுகிறது. ஆட்டம் ஏறுவதைப் பார்த்து அடிப்பவர் கையும் வேகம் பிடிக்கிறது. யார் யாரை ஆட்டுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. முட்டைதான் இங்கே உடுக்கை. அடி நின்ற கணத்திலேயே சாமி மலையேறிவிடுவதில்லை. கூட்டமும் பந்தலும் சாம்பிராணிப் புகையும் இருக்கும்வரை உடம்பில் நடுக்கம் மிச்சமிருக்கும். கோழிக்கு அந்தப் பந்தல், கூடை. முட்டையை எடுத்துவிட்டுக் கூடையை விட்டுவைத்தால் அடை எளிதில் தெளியாது. கூட்டையே பறித்தால் ஒரே நாளில் புரோலாக்டின் இறங்கத் தொடங்கும். மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஆடுபவரைக் குளிர்விப்பதுபோல, அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி எடுக்கும் வழக்கமும் ஊர்களில் உண்டு. ஆனால் முக்கிய பிறகு அதே கூடைக்குத் திரும்ப விட்டால் பயனில்லை. காற்று அடியில் புகும்படி கம்பிவலைத் தளம் போட்ட கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து, படுக்கை எதுவும் இல்லாமல் சில நாள் விடுவதே போதும். மூக்குத் துளையில் இறகைச் செருகுவது வெறும் சித்திரவதை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

வரலாறு வேண்டுமென்றால்: புரோலாக்டினைச் செலுத்திக் கோழிகளை அடைக்கு உட்காரவைக்க முடியும் என்று 1935இல் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடிலும் சகாக்களும் காட்டினார்கள். அதற்கு வெகு காலம் முன்பே பண்ணைக்காரர்கள், அடைக்கு உட்காராத கோழிகளாகப் பார்த்துப் பெருக்கத் தொடங்கிவிட்டார்கள். வருஷத்துக்கு 300 முட்டை இடும் வெள்ளை லெகார்ன் அப்படி வந்ததுதான்.

அடையில் இருக்கும் கோழி பட்டினி கிடந்து சாகும் என்று பயப்பட வேண்டாம். தினம் ஒருமுறை இறங்கி, நாற்றமடிக்கும் பெரிய எச்சம் ஒன்றைப் போட்டு, அவசரமாகத் தின்று, மண்ணில் புரண்டுவிட்டுத் திரும்பும். காட்டுக்கோழிகளுக்குக் கூட்டின் பக்கத்திலேயே தீனி வைத்துப் பார்த்த ஆய்வு உண்டு. அப்போதும் அவை கொஞ்சமாகவே தின்று மெலிந்தன. கைக்கெட்டும் தீனி இருந்தும் மெலிகிறது என்றால், குறைந்த எடையே இந்த மூன்று வாரத்துக்குப் போதும் என்று உடம்பே தன் கணக்கை மாற்றிக்கொள்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். எனக்கு இது முட்டையைவிடப் பெரிய அதிசயம்.

இன்குபேட்டருக்கு வருவோம். 100 சதவீதம் பொரிக்கும் என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். சேவல் அணையாத முட்டையை எந்த இயந்திரமும் குஞ்சாக்காது. 37.5 டிகிரி வெப்பம், ஈரப்பதம், முட்டையைத் திருப்பிவிடுதல், நடுராத்திரி மின்வெட்டு என எல்லாம் உங்கள் தலையில். நூற்றுக்கணக்கில் பொரிப்பவருக்கு அது தேவைதான். கொல்லையில் அஞ்சாறு கோழி வைத்திருப்பவருக்கு, தானாக அடைக்கு வந்த பெட்டையை விட்டுவிட்டு அதை வாங்குவது வீண்செலவு. ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகளாகப் பத்துப் பன்னிரண்டு வையுங்கள். ஊர் வழக்கப்படி கூடையில் போடும் இரும்புத்துண்டும் மிளகாய் வற்றலும் இல்லாவிட்டாலும் பொரிக்கும். ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை அடியில் பிடித்தால் கருவுள்ள முட்டையில் சிவப்பு நரம்புகள் தெரியும். தெளிவாக இருப்பவற்றை எடுத்துவிடலாம்.

21ஆம் நாள் உடுக்கை மாறுகிறது. குஞ்சுகளின் ஸ்பரிசமும் சத்தமும் வந்ததும் புரோலாக்டின் இறங்கி, உட்கார்ந்திருந்த கோழி மேய்க்கும் கோழியாகிவிடும். முட்டைகள் கூமுட்டையாகிப் போனாலும் வழி இருக்கிறது. சந்தையில் வாங்கிய ஒருநாள் குஞ்சுகளை இருட்டியபின் ஒவ்வொன்றாக இறக்கைக்கு அடியில் விடுங்கள். விடிந்ததும் பக்கத்தில் இருந்து பாருங்கள். கொத்தினால் உடனே எடுத்து பல்புச் சூட்டில் வையுங்கள்.