உங்களுக்குத் தெரியுமா? பஜ்ஜி சுட்ட எண்ணெயிலும் லாரி ஓடும்!

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்துபோகும் லாரிகளின் டீசலில், பலகாரம் சுட்ட எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசலையும் கலக்கலாம்.

▪ சமையல் எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழ 10 மடங்கு பிசுபிசுப்பானது. அப்படியே ஊற்றினால் இன்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும். அதனால் மெத்தனால் என்ற ஆல்கஹாலும் காரமும் (alkali) சேர்த்து அதைப் பயோடீசலாக மாற்றுகிறார்கள்.

▪ ஆனால் எண்ணெயும் மெத்தனாலும் எளிதில் ஒன்றோடொன்று கலக்காது. சூடாக்கி, ஒரு மணி நேரம் போலக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

▪ இங்கேதான் மீயொலி கைகொடுக்கிறது. நொடிக்கு 20,000 முறைக்கு மேல் அதிரும் இந்த ஒலி, நம் காதுக்குக் கேட்காது. திரவத்துக்குள் நுண்குமிழிகளை உண்டாக்கி உடைக்கும். அந்த அதிர்ச்சியில் இரண்டும் பால்போலக் கலந்து, வேதிவினை சில நிமிடங்களிலேயே பெருமளவு முடிந்துவிடும்.

▪ 100 கிலோ எண்ணெயோடு சுமார் 10 கிலோ மெத்தனால் வினைபுரிந்தால், ஏறத்தாழ 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும்.

▪ டீசலில் 5% பயோடீசல் என்பது, 2018-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்கு வைத்த இலக்கு.

திருவள்ளூர் டீக்கடைக்காரர்களே, பழைய எண்ணெயை மறுபடி காய்ச்சாதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். அது நாளைய எரிபொருள்!