மாதிரி யாருடையது?

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் உள்ள நம் அங்கத்தினர்களில் நெய்கிறவர்களும் உண்டு, பயிரிடுகிறவர்களும் உண்டு. சங்கக் கூட்டங்களில் இவ்விரு சாராரும் வெவ்வேறு குறைகளைச் சொல்வது வழக்கம். ஆயினும் ஒரு குறை இருவர்க்கும் பொதுவானது. "நாங்கள் பாடுபட்டு உண்டாக்கியதை வேறொருவர் எளிதில் எடுத்துக் கொண்டு போய்விடுகிறார்" என்பதே அது.

குறிஞ்சிப்பாடி நெசவாளர் ஒருவர் நிறங்களை மாற்றி மாற்றி அடுக்கி, பாவுக்கும் ஊடைக்கும் நூல் கணக்குப் போட்டு, புதிய கைலிக் கட்டம் ஒன்றை அமைக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அதைக் கடையில் தொங்கவிட்ட அன்றே ஒருவர் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிவிடலாம். மறுவாரமே அக்கட்டம் எங்கோ ஒரு விசைத்தறியில் ஓடலாம். பண்ணுருட்டிப் பக்கத்தில் ஒரு குடியானவர் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்துக் காத்த பலாவின் ஒட்டுக்கன்று, வேறோர் ஊரில் வேறொரு பெயரில் விலை போகலாம். இவற்றைத் தடுப்பது எவ்வாறு? தடுக்கத்தான் வேண்டுமா? நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியது யாது? இவை குறித்து நம் அபிப்பிராயத்தை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இக்குறை நம் கரைக்குப் புதிதன்று. கடலூரை அடுத்த செயிண்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் 1690 இல் விலைக்கு வாங்கினர். சிதம்பரத்துக்கு வடகிழக்கே பரங்கிப்பேட்டையிலும் ஐரோப்பிய வணிகர்கள் கொள்முதல் செய்தனர். அவர்கள் தேடி வந்த சரக்குகளில் முதன்மையானது துணி. சோழமண்டலக் கரையின் வண்ணத் துணி எத்தனை முறை துவைத்தாலும் சாயம் போகாது. அதன் சிவப்பு, கடலோர மணலில் விளைந்த சாயவேரிலிருந்து வந்தது. படிகாரமும் கடுக்காயும் சேர்த்துப் பக்குவம் செய்யும் முறை சாயக்காரர்களின் கைப்பழக்கத்தில் இருந்ததேயன்றி, ஏட்டில் இருந்ததில்லை.

1742 ஆம் ஆண்டில் கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இம்முறையை வரிசையாக எழுதித் தம் நாட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். தம்மிடம் சமயம் பயில வந்தவர்களில் இத்தொழில் தெரிந்தவர்களைக் கேட்டு அறிந்ததாக அவரே குறித்துள்ளார். அக்கடிதம் அச்சேறிப் பலர் கைக்குப் போயிற்று. அவர் பெயர் நிலைத்து நிற்கிறது. சொல்லிக் கொடுத்த சாயக்காரர்களில் ஒருவர் பெயரும் நமக்கு எட்டவில்லை.

இங்கிலாந்து என்ன செய்தது என்பதையும் பார்ப்போம். 1700 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1721 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் நம் நாட்டு அச்சுத் துணிகளுக்கு அங்கே தடை போட்டார்கள். அத்தடையின் நிழலில் அவர்கள் தொழில் வளர்ந்தது. பிறகு அவர்களுக்குள்ளேயே ஒருவர் மாதிரியை மற்றொருவர் எடுத்தாளும் தொல்லை முளைத்தது. உடனே 1787 இல் ஒரு சட்டம் செய்தார்கள். புதிய அச்சு மாதிரியை அமைத்தவருக்கு இரண்டு மாத காலம் தனியுரிமை. துணியின் இரு முனையிலும் அவர் பெயர் இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. 1794 இல் இரண்டு மாதம் மூன்று மாதமாயிற்று. துணி மாதிரிக்கு உரிமை என்ற எண்ணம் இங்கிலாந்தில் சட்டமானது இவ்வாறுதான். பிறர் மாதிரியைப் பார்த்துக் கற்ற தொழில், தன் மாதிரிக்கு வேலி போட முந்திக் கொண்டது!

1866 இல் ஃபோர்ப்ஸ் வாட்ஸன் என்பவர் இந்தியத் துணிகளின் மாதிரிகளைப் பதினெட்டுத் தொகுதிகளாகத் தொகுத்தார். மொத்தம் 700 துண்டுகள். அத்தகைய கட்டுகள் 20 செய்யப்பட்டன. 13 பிரிட்டனுக்குள்ளும் 7 இந்தியாவிலும் வைக்கப்பட்டன. இந்திய மக்கள் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்று ஆங்கில ஆலைக்காரர்கள் பார்த்து, அதுபோல் நெய்து இங்கே விற்க வேண்டும் என்பதே நோக்கம். இன்று கைப்பேசிப் படம் செய்கிற வேலையை அன்று அந்தப் பதினெட்டுத் தொகுதிகள் செய்தன. வேகம் மாறியிருக்கிறதேயன்றி வேலை மாறவில்லை.

இதைக் கேட்டுக் கோபங் கொள்வது எளிது. ஆனால் நேர்மையாக மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். நம் தறியில் ஓடும் விசை நாடா, 1733 இல் ஜான் கே என்ற ஆங்கிலேயர் கண்டது. ஜக்கார்டுப் பெட்டி, பிரான்சு நாட்டில் 1804 ஆம் ஆண்டையொட்டி உருவானது. விருத்தாசலம் பக்கத்து மணிலாக் கொட்டை தென் அமெரிக்காவில் தோன்றியது. பண்ணுருட்டிக்குப் புகழ் தேடித்தந்த முந்திரி, போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்தின் வழிவந்தது. நாமும் பிறரிடம் கற்றிருக்கிறோம். பிறர் விதையை நட்டுப் பிழைத்திருக்கிறோம். ஆகவே கற்பதும் பின்பற்றுவதும் குற்றம் என்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொன்னால் தொழிலும் இல்லை, வேளாண்மையும் இல்லை.

குற்றம் எங்கே இருக்கிறது? இரண்டு இடங்களில் இருக்கிறது என்பது நம் கருத்து. உண்டாக்கியவர் பெயரை அழிப்பது ஒன்று. ஒன்றை மற்றொன்றாகச் சொல்லி விற்பது மற்றொன்று. விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்றே சொல்லி விற்பவரிடம் நமக்குப் பகையில்லை, அவரும் உழைப்பாளியே. அதைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர் நெய்தவர், வாங்குபவர் இருவரையும் ஏமாற்றுகிறார்.

சட்டம் நமக்கு என்ன துணை செய்கிறது? 1985 ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், சில இனங்களைக் கைத்தறி மட்டுமே நெய்யலாம் என்றது. வழக்குகள் பல நடந்து, 1993 இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. முதலில் 22 ஆக இருந்த இனங்கள் பின்னர் 11 ஆகக் குறைந்தன. அந்தப் பதினொன்றில் கைலியும் ஒன்று என்பதை நம் நெசவாளர்கள் அறிந்திருக்க வேண்டும். 2006 இல் கைத்தறி முத்திரை ஏற்பட்டது. ஊர்ப்பெயரைக் காக்கும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999 இல் இயற்றப்பட்டு 2003 இல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரைச் சுங்குடி முதலியன அக்குறியீட்டைப் பெற்றுள்ளன.

ஆனால் தனி ஒரு புதிய மாதிரியைக் காக்க வேண்டுமானால் 2000 ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிய வேண்டும். பதிந்தால் பத்தாண்டு உரிமை. மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். இங்கே இரு செய்திகளை அன்பர்கள் கவனிக்க வேண்டும். முதலாவது, பதிவுக்கு முன்பே மாதிரியைக் கடையிலோ கைப்பேசியிலோ ஊரறியக் காட்டிவிட்டால், அது புதியது என்ற தகுதியை இழந்துவிடும். இரண்டாவது, பதியத்தக்க மாதிரியைப் பதியாமல் விட்டால், தொழில் முறையில் 50 முறைக்கு மேல் அதைப் படியெடுத்தவுடன் பதிப்புரிமையும் அற்றுப் போகும் என்று 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கூறுகிறது. ஐம்பது உருப்படி என்பது நம் சங்கங்களுக்கு எத்தனை நாள் உற்பத்தி? எண்ணிப் பாருங்கள். பழைய கட்டங்களோ எவர்க்கும் தனியுடைமை ஆகா. அவை நம் பாட்டன்மார் விட்டுச் சென்ற பொதுச்சொத்து. புதியதைப் புதியது என்று காட்ட நம்மிடம் எழுத்து வேண்டும்.

பயிரிடுவோர் நிலை சற்று மேலானது. 2001 ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், பதிவு பெற்ற ரகமாயினும் அதன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பிறருக்குக் கொடுக்கவும், விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயர் பொறித்த பையில் இட்டு விற்பது மட்டுமே கூடாது. உழவர் தாமே காத்துவந்த ரகத்தையும் தம் பெயரில் பதியலாம். அதற்குப் பதிவுக் கட்டணம் இல்லை.

சட்டம் இருந்தும் தொல்லை வராமலில்லை. 2019 இல் பெப்சிகோ கம்பெனி, தான் பதிந்திருந்த உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் உழவர்கள் சிலர்மீது வழக்குத் தொடுத்து, அவர்களில் சிலரிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. நாடெங்கும் கண்டனம் எழவே, அடுத்த மாதமே வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அந்த ரகத்தின் பதிவை 2021 இல் அதிகாரிகள் நீக்கினர். 2024 இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்நீக்கத்தை ரத்துச் செய்தது. சிறு உழவர் ஒருவருக்குத் தம் உரிமை தெரிந்திருப்பதும், அவர் பின்னால் ஒரு சங்கம் நிற்பதும் எத்துணை இன்றியமையாதவை என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

பெயரோடு பரவிய பொருளுக்கு நம் மாவட்டத்திலேயே நல்ல சான்று உண்டு. கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த கோ.சி. 671 என்னும் ரகம், மிகுந்த சர்க்கரைச் சத்தினால் மராட்டியம், குஜராத் வரை பரவியது. அதில் 'கோ' கோயம்புத்தூரையும், 'சி' ஆங்கிலத்தில் எழுதும் கடலூரின் முதலெழுத்தையும் குறிப்பன. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கத்தரி ரகத்துக்கு 'அண்ணாமலை' என்றே பெயர். விதை ஊர் ஊராய்ப் போயிற்று. பிறந்த இடத்தின் பெயரும் உடன் போயிற்று. யாருக்கும் நட்டமில்லை. பொருள் பரவுவதும் உரியவர் பெயர் நிலைப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எழுத்துலகிலும் இதுவே நியாயம். 1906 இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனின் நூல்களைத் தமிழக அரசாங்கம் 2002 இல் நாட்டுடைமையாக்கிற்று. இன்று யாரும் அச்சிடலாம். ஆயினும் அவர் பெயரை எடுத்துவிட்டு அச்சிடுவாரை ஊர் ஒப்புமோ? உரிமைக்கு ஒரு காலவரை உண்டு. பெயருக்கு அது இல்லை.

இப்போது ஆயிரக்கணக்கான படங்களை விழுங்கிவிட்டு, கேட்ட மாத்திரத்தில் புதுப்படம் வரைந்து தரும் கணினிகள் வந்துள்ளன. 2023 இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, மனிதன் பங்கு இல்லாமல் இயந்திரம் தானே ஆக்கிய படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. இயந்திரத்தை வெறுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. நிறச் சேர்க்கையைத் தறியில் ஏற்றுமுன் திரையில் பார்த்துக் கொண்டால் நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் கணினி தந்ததை 'எங்கள் பரம்பரை மாதிரி' என்று சொல்லி விற்றால், பிறர் நமக்குச் செய்யும் தீங்கையே நாம் பிறருக்குச் செய்தவர்கள் ஆவோம்.

ஆகவே பொறுப்பு பிறரிடம் மட்டும் இல்லை. தம் கட்டத்தை எவரோ திருடினார் என்று வருந்தும் நாமே, திருட்டுப் படத்தைக் கைப்பேசியில் இறக்கிப் பார்ப்பதில்லையா? விலைக்குக் கிடைக்கும் புத்தகத்தை முழுதும் நகலெடுத்து வாங்குவதில்லையா? திருமணத்துக்குத் துணி எடுக்கையில், விலை மலிவு என்று போலிக் கைத்தறியைத் தெரிந்தே வாங்குவதில்லையா? ஒரு நீதியை நமக்குக் கேட்டால், அதே நீதியைப் பிறருக்கும் கொடுக்க வேண்டும்.

இனிச் செயலுக்கு வருவோம். ஒவ்வொரு நெசவாளர் சங்கமும் மாதிரிப் புத்தகம் ஒன்று வைக்க வேண்டுகிறோம். புதிய கட்டமோ கரையோ அமைந்தவுடன், நான்கு விரற்கடைத் துண்டு ஒன்றை அதில் ஒட்டி, நூல் கணக்கு, சாயம், தேதி ஆகியவற்றோடு, அமைத்த நெசவாளரின் பெயரையும் எழுதி, இருவர் கையொப்பமிட வேண்டும். விற்பனைக்கு விடுமுன் எது பதியத் தக்கது என்று நிர்வாகக் குழு முடிவு செய்யட்டும். சென்னை, காஞ்சிபுரம், சேலம் ஆகிய ஊர்களிலுள்ள நெசவாளர் சேவை மையங்களை யோசனை கேட்கலாம். பதிவு சங்கத்தின் பெயரில் இருப்பினும், அம்மாதிரி விற்கும்வரை அமைத்தவருக்கு ஒரு சிறு பங்கு சேர வேண்டும் என்பது நம் தனிக் கோரிக்கை. இல்லையேல் சங்கமும் அவர் பெயரை அழித்ததாகிவிடும்.

வேளாண்மைச் சங்கங்களும் அவ்வாறே விதைப் புத்தகம் வைக்கலாம். எந்த ஊரில், யார் நிலத்தில், எத்தனை காலமாக அந்த ரகம் விளைகிறது என்பதை முதியோர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக் கொள்ள வேண்டும். பாலூர், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் காட்டி ரகத்தின் குணங்களைத் தெளிந்து கொள்ளலாம்.

1742 இல் நம் சாயக்காரர்களிடம் அறிவு இருந்தது. அதை எழுதியவர் வேறொருவர். அந்த நிலைமை இனியும் தொடர வேண்டுவதில்லை. இன்று நம்மிடம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், சங்கம் இருக்கிறது, சட்டமும் ஓரளவு இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் வாங்கச் சங்கத்தில் பணம் இல்லாமற் போகாது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் வரிசையில் இதனைச் சேர்க்குமாறு அன்பர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.