இரட்டையர் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள்

கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெருந்தொடர்களின் ஒற்றையர் பிரிவில் ஆடும் 128 பேரில் 104 பேர் உலகத் தரவரிசையைக் கொண்டே நேரடியாகச் சேர்க்கப்படுகின்றனர் என்பதால், தொழில்முறை டென்னிஸின் பெரும்பணம் ஏறத்தாழ அந்த எல்லைக்குள்ளேயே புழங்குகிறது. அதற்கு வெளியே நிற்பவர்கள் ஐடிஎஃப், சேலஞ்சர் என்னும் கீழ்நிலைத் தொடர்களில் ஆடுகின்றனர். அங்குக் கிடைக்கும் பரிசுத்தொகை விமானக் கட்டணம், விடுதி வாடகை, பயிற்சியாளர் ஊதியம் ஆகியவற்றுக்கே பல வாரங்களில் போதாது.

1990இல் பிறந்த கோயம்புத்தூர் வீரர் என். ஸ்ரீராம் பாலாஜி ஒற்றையரில் முதல் நூறு இடங்களை எட்டாமல் இரட்டையருக்குத் திரும்பியவர். இத்திருப்பத்தைத் தோற்றவரின் ஒதுங்கலாகக் கருதுவது பெரும்பிழை. இரட்டையரில் நீண்ட பந்துப் பரிமாற்றத்தைவிட, சர்வீஸ், அதை எதிராளியின் காலடியில் தாழத் திருப்பும் ரிட்டர்ன், தரையில் படுமுன் பந்தை வலையருகே அடிக்கும் வாலி ஆகியவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. மேலும், ஆடவருக்கான உயர்நிலைத் தொடர்களான ஏடிபி போட்டிகளில் 40-40 என்ற நிலையில் அடுத்த ஒரே புள்ளி கேமை முடித்துவிடுவதாலும், மூன்றாம் செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டைபிரேக் ஆடப்படுவதாலும், ஓரிரு புள்ளிகளில் ஒரு வார உழைப்பே கைநழுவக்கூடும்.

இணையர் இருவரின் தரவரிசை எண்களைக் கூட்டியே ஒரு தொடரில் இடம் தரப்படுவதால், தமக்கேற்ற துணையைத் தேடிப் பெறுவதும் இத்தொழிலின் ஒரு பகுதியாகிறது. 2017இல் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக, நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கோப்பைப் போட்டியில் சக இந்திய வீரர் ரோஹன் போபண்ணாவுடன் இணைந்து வென்ற பாலாஜி, 2024 பிரெஞ்சு ஓப்பனில் மெக்சிகோவின் மிகேல் ரேயஸ்-வரேலாவுடன் மூன்றாம் சுற்றுவரை முன்னேறி, அங்கே அதே போபண்ணாவும் மேத்யூ எப்டனும் அமைத்த இணையிடம் இறுதி டைபிரேக்கில்தான் தோற்றார். இரட்டையரில் உலகின் முதல் பத்து இடங்களுக்குள் இருந்ததால் பாரீஸ் ஒலிம்பிக்குக்குத் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்த போபண்ணா, பாலாஜியையே அழைத்துச் சென்றார். அவர்கள் முதல் சுற்றில் தோற்றாலும், அந்த அழைப்பு பாலாஜியின் பல ஆண்டுக் கடும் உழைப்புக்குக் கிடைத்த நியாயமான மதிப்பேயாகும்.

சென்னை வீரர்களான ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் இவ்வழியில் வந்தவர்களே. 2017இல் போபண்ணாவுடன் சென்னை ஓப்பனை வென்றிருந்த ஜீவன், தம் இரண்டாம் ஏடிபி பட்டத்துக்கு 2024 செப்டம்பர்வரை காத்திருக்க நேர்ந்தது. அம்மாதம் சீனாவின் ஹாங்ஜோவில் முதல் செட்டை இழந்த பின்னும் இருவரும் 4-6, 7-6, 10-7 எனக் கோப்பையை வென்றபோது, முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்த பிரசாந்துக்கு அதுவே முதல் ஏடிபி பட்டமாக அமைந்தது.