இளைஞரின் கெண்டைக்கால் வலி

ஓடும்போது கெண்டைக்கால் இறுகி வலிக்கும். சில நிமிஷம் நின்றால் தணியும். இதைத் தசைப்பிடிப்பென்று எண்ணித் தைலம் தடவிக் காலங்கடத்தும் வாலிபர் பலர். சிலருக்குக் காரணம் வேறு. முழங்காலின் பின்புறம் செல்லும் தமனியை, பிறவியிலேயே இடம் மாறி அமைந்த கெண்டைத் தசை நெருக்குவதுண்டு. இவ்வமைப்பை 1879-ஆம் ஆண்டில், துண்டிக்கப்பட்ட காலொன்றில் கண்டு விவரித்தார் எடின்பரோ மருத்துவ மாணவர் ஆண்டர்சன் ஸ்டூவர்ட்.

பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் செய்து, கணுக்கால் நாடியை டாக்டர் பார்ப்பார். நோயற்றோர் சிலருக்கும் நாடி தளருமாதலால், ஒலியலைப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்தே முடிவு கூறுவர்.

தைலம் நெருக்கத்தை நீக்காது. தமனி கெடுமுன் வந்தால், நெருக்கும் தசையை அறுத்து விடுவித்தாலே பெரும்பாலும் போதும். தாமதித்தால் தமனி அடைபடலாம். அப்போது சிரையொன்றை எடுத்து மாற்றுவழி அமைக்க நேரும். ஆகவே, இளவயதுதானே என்று அங்கத்தினர்கள் அசட்டை செய்யலாகாது.